கம்பியில் குத்திய கார்டுகள்

சித்தூர், திருப்பதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் தூணிலோ ஜன்னலிலோ ஒரு கம்பி தொங்கும். கீழ்முனை கொக்கி போல வளைந்திருக்கும். தபால்காரர் கொடுத்த கார்டைப் படித்து முடித்ததும் அதில் குத்திவிடுவார்கள். வருஷக்கணக்கில் சேர்ந்த குடும்பச் செய்தியெல்லாம் ஒரே கம்பியில் அடுக்காக நிற்கும். அதனால்தான் இந்த வட்டாரத்தில் கிடைக்கும் பழைய கார்டு பலவற்றில் நடுவே ஒரு ஓட்டை, அதைச் சுற்றித் துருக்கறை. ஓட்டை விழுந்ததைப் பழுது என்று ஒதுக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. எனக்கு அது பழுதாகத் தெரியவில்லை. அந்தக் கார்டு ஒரு வீட்டில் வாழ்ந்ததற்கு அடையாளம் அது.

என்னிடம் உள்ள ஒரு கார்டு, 1950-களின் நடுவில் திருப்பதியிலிருந்து திருத்தணிக்குப் போனது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறது, கல்யாணச் சேதி. விலாசத்தின் கடைசி வரியில் 'சித்தூர் ஜில்லா' என்று இருக்கிறது. இன்றைய பிள்ளைகளுக்கு அது தப்பாகத் தோன்றும். தப்பில்லை. சித்தூர் மாவட்டம் பிறந்தது 1911 ஏப்ரல் 1-இல். அதற்கு முன் திருப்பதி, திருத்தணி எல்லாமே வட ஆற்காடு. 1953-இல் ஆந்திர மாநிலம் உருவானபோது திருத்தணியும் சித்தூரோடு ஆந்திராவுக்குப் போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-இல் அது சென்னை மாநிலத்துக்குத் திரும்பி, செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. ஊர் ஓர் அடிகூட நகரவில்லை, விலாசம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. அதைக் கார்டில் எழுதியவர் சரித்திரம் எழுதுவதாக நினைத்திருக்கவே மாட்டார்.

தபால் கார்டு முதலில் வந்தது ஆஸ்திரியா-ஹங்கேரியில், 1869 அக்டோபரில். இந்தியாவுக்கு 1879 ஜூலை 1-இல் வந்தது, விலை கால் அணா. 1922-இல் அரை அணா ஆனது. தேதி அழிந்துபோன கார்டுக்கு வயது சொல்ல இதுவே முதல் வழி: அதில் அச்சடித்த விலையும் முகமும். விக்டோரியா ராணியா, ஏழாம் எட்வர்டா, ஐந்தாம் ஜார்ஜா என்று பாருங்கள். அணா போய் நயா பைசா வந்திருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிந்தியது. பின்கோடு எழுதியிருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. திருப்பதி 2022-இல் தனி மாவட்டமாகிவிட்டாலும், சித்தூருக்கு 517001, திருப்பதிக்கு 517501 என்று இரண்டும் இன்னும் ஒரே 517-இல்தான் தொடங்குகின்றன.

படக் கார்டுகளுக்கு வேறு கணக்கு. மதராஸில் வீலே அண்ட் க்ளைன், ஹிக்கின்பாதம்ஸ் போன்றவர்கள் அவற்றை வெளியிட்டார்கள். ஆரம்பக் காலத்தில் பின்பக்கம் முழுவதும் விலாசத்துக்கே. நலம் விசாரிப்பதைப் படத்தின் ஓரத்தில்தான் நெருக்கி எழுத வேண்டும். நடுவில் கோடு போட்டு இடப்பக்கத்தைச் செய்திக்கு விடும் வழக்கத்தைப் பிரிட்டன் 1902-இல் தொடங்கியது. சில வருஷங்களில் மற்ற நாடுகளும் ஏற்றுக்கொண்டன. கோடில்லாத படக் கார்டு கிடைத்தால் பத்திரமாக வையுங்கள்.

கிடைக்கவே அரிதானது இன்னொன்று: சாவுச் சேதிக் கார்டு. முனையைக் கிழித்தோ, ஓரத்தில் கறுப்பு மை தடவியோ அனுப்புவார்கள். அதைக் கம்பியில் குத்தமாட்டார்கள். வாசலிலேயே நின்று படித்துக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். கல்யாணம், பிரசவம், கடன் எல்லாம் இருக்கும் கார்டுக் கட்டில் மரணம் மட்டும் இருக்காது. நூறு கார்டுகளைப் புரட்டிய பிறகுதான் இந்த வெற்றிடம் எனக்கே உறைத்தது.

தபால்தலை சேர்ப்பவர்கள் இந்த வட்டாரத்தையே ஓர் ஆல்பமாக ஆக்கலாம். திருத்தணியில் பிறந்து திருப்பதியில் படித்த ராதாகிருஷ்ணனுக்கு 1967-இல் தபால்தலை வந்தது. மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்திக்கு 1987-இல், திருமலையின் ஆனந்த நிலைய விமானத்துக்கு 2002-இல், வேங்கடவனைப் பாடிய அன்னமாச்சார்யாவுக்கு 2004-இல்.

உறையில் ஒட்டிய தலையைப் பிய்க்காதீர்கள். காகிதம் மெலிந்து மதிப்புப் போய்விடும். ஒட்டிய காகிதத்தோடு வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் முகம் மேலாக மிதக்கவிட்டால் கால் மணி நேரத்தில் பசை இளகித் தானே கழன்றுவிடும். வண்ணக் காகிதமாக இருந்தால் தனியாக நனையுங்கள், சாயம் இறங்கும். அதற்கும் முன்னால் ஒரு விஷயம்: முத்திரையும் விலாசமும் தெளிவாக இருக்கும் பழைய உறையென்றால் கத்தரிக்கோலை எடுக்கவே வேண்டாம், முழுசாக வையுங்கள். கார்டில் தலை அச்சடித்தே வருகிறது. அதை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குப்பையில் போட்டவர்கள் எத்தனையோ பேர். மிஞ்சுவது ஒரு ராஜாவின் முகம். போனது ஓர் ஊரின் பெயர்.

கார்டுகளை லேமினேஷன் செய்யாதீர்கள்; மெல்லிசான பிளாஸ்டிக் உறையும் நாளாவட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். அமிலமில்லாத தாளுறையில், ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். துருக்கறையைத் தேய்க்கப் போனால் எழுத்தும் கூடவே போகும். யார் வீட்டில், எந்தக் கட்டிலிருந்து கிடைத்தது என்பதைத் தனித்தாளில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். கார்டின் மேல் பேனா படவே கூடாது.