ஏரிக்கரைக்கு ஒரு வண்டிவீடு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆறு பிறக்கும் இட்டாஸ்கா ஏரியைச் சூழ்ந்த வனம் 1891-ஆம் ஆண்டில் மாநிலப் பூங்கா ஆயிற்று. படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் அமைந்த வண்டிவீடுகளில் குடும்பத்தார் அங்குச் சென்று தங்குவர். புறப்படுமுன் வண்டியின் நீளத்தை அளந்து, அதற்கேற்ற இடத்தை முன்பதிவு செய்தல் வேண்டும். உணவும் கம்பளியும் மறவாமல் எடுத்துக்கொள்ளலாம். வீட்டு விறகை மட்டும் கொண்டு செல்லலாகாது. ஏன்? 2002-இல் மிச்சிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்ட பச்சை வண்டொன்று, விறகினுள் புழுவாய் ஒளிந்து ஊர்விட்டு ஊர் பரவி, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை மாய்த்துவிட்டது. வண்டியின் கழிவுநீரையும் அதற்கென அமைந்த தொட்டியிலன்றி வேறெங்கும் விடலாகாது. எதை எடுத்துச் செல்வது என்பதோடு, எதை விட்டுச் செல்வது என்றும் ஆராய்வதே நல்ல பயணத் திட்டம். நாம் கண்டு மகிழ்ந்த கரையை நாளை வருவோரும் அவ்வண்ணமே காணவேண்டும் அன்றோ?