பந்தயத்தட ஓட்டத்திற்கான பிரேக் மேம்பாடு

பந்தயத்தட ஓட்டத்திற்கான பிரேக் மேம்பாடு என்பது, சாலையில் ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பிரேக் அமைப்பை, மூடிய பந்தயத்தடத்தில் தொடர்ந்து மிகு வேகத்தில் ஓட்டுவதற்கு ஏற்றவாறு மாற்றியமைப்பதைக் குறிக்கும். காரைக் குறைந்த தொலைவில் நிறுத்துவதே இதன் நோக்கம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. இது முழுமையாகச் சரியன்று. இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களில் தொழிற்சாலையில் பொருத்தப்படும் பிரேக்குகளே சக்கரங்களைப் பூட்டுமளவு அல்லது ஏ.பி.எஸ் அமைப்பை இயக்குமளவு வலுவுடையவை. அந்த எல்லையை எட்டிய பின்னர் நிறுத்தத் தொலைவை முடிவு செய்வது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வே ஆகும். மேம்பாட்டின் உண்மையான நோக்கம், முதற்சுற்றில் கிடைத்த அதே தடுப்புவிசை பத்தாவது சுற்றிலும் கிடைக்கச் செய்வதாகும்.

வெப்பத்தின் அளவு

பிரேக் என்பது இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றும் கருவியாகும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், வேகம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். 1500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 200 கி.மீ வேகத்திலிருந்து 80 கி.மீ வேகத்திற்குக் குறையும்போது ஏறத்தாழ 19 இலட்சம் ஜூல் ஆற்றலை இழக்கிறது. 20 பாகை செல்சியசு வெப்பநிலையிலுள்ள 6 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய இவ்வளவு ஆற்றல் தேவை. காற்றுத்தடையும் எஞ்சினும் இதில் சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். பிரேக் பிடிக்கையில் காரின் பாரம் முன்பக்கம் சாய்வதால், எஞ்சியதில் பெரும்பகுதி முன்சக்கர வட்டுகளில் சேர்கிறது. முன்வட்டுகள் இரண்டும் சேர்ந்து 20 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு என்றும், ஆற்றலில் பத்தில் ஏழு பங்கு அவற்றுக்குச் செல்கிறது என்றும் கொண்டால், ஒரேமுறை பிரேக் பிடித்ததில் அவற்றின் வெப்பநிலை 130 பாகைக்கு மேல் உயரும். சாலையில் அடுத்த நிறுத்தத்திற்குள் வட்டு ஆறிவிடும். பந்தயத்தடத்திலோ அடுத்த வளைவு சில நொடிகளில் வந்துவிடுகிறது.

பிரேக் தளர்ச்சி

மிகுந்த வெப்பத்தால் தடுப்புவிசை குறைவது பிரேக் தளர்ச்சி எனப்படும். இது இருவகைப்படும், இரண்டையும் ஓட்டுநரின் கால் பிரித்தறியும். பெடல் வழக்கம்போல் கெட்டியாக இருந்தும் கார் வேகம் குறையாவிட்டால் தளர்ந்தது பிரேக் பேடு ஆகும். பேடினைப் பிணைத்துள்ள பிசின் அளவுக்கு மீறிச் சூடாகி வளிமங்களை வெளியிடுவதும், உராய்வுப்பொருள் தன் வெப்ப எல்லையைக் கடப்பதும் இதற்குக் காரணங்கள். மாறாக, பெடல் மென்மையாகித் தரைவரை இறங்கினால் பெரும்பாலும் பிரேக் எண்ணெய் கொதித்திருக்கிறது என்று பொருள். நீர்மத்தை அழுத்திச் சுருக்க இயலாது, ஆவியைச் சுருக்கலாம்; எனவே காலின் விசை குமிழிகளைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. இரண்டாவது வகையே மிகவும் ஆபத்தானது. இது முன்னறிவிப்பின்றி, நேர்ப்பாதையின் முடிவில், மிகுந்த வேகத்தில் நிகழக்கூடும்.

எண்ணெயும் பேடும்

செலவு மிகக் குறைந்ததும் பயன் மிக அதிகமானதும் எண்ணெய் மாற்றமே. கிளைக்கால் ஈதர் அடிப்படையிலான பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தர எண்ணெயின் கொதிநிலை, புதிதாக உள்ளபோது குறைந்தது 230 பாகையாக இருக்கவேண்டும் என்பது விதி, 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் அதே எண்ணெய்க்கு விதிக்கப்பட்ட எல்லை 155 பாகை மட்டுமே. டாட் 5.1 தரத்திற்கு இவை முறையே 260, 180 பாகைகள். பந்தய எண்ணெய்கள் புதிய நிலையில் 300 பாகையைத் தாண்டும். எனினும் அவையும் ஈரம் உறிஞ்சுபவையே ஆதலால் அடிக்கடி மாற்றப்படவேண்டும். டாட் 5 என்பது பெயரளவில் 5.1க்கு நெருக்கமாகத் தோன்றினாலும் முற்றிலும் வேறான சிலிக்கோன் எண்ணெய் ஆகும். இது பந்தயத்தடத்திற்கு ஏற்றதன்று. மற்றவற்றுடன் கலக்கவும் கூடாது.

பேடுகளைப் பொறுத்தவரை எல்லா வெப்பநிலைக்கும் ஏற்ற ஒன்று இல்லை. பந்தயப் பேடுகள் சூடான நிலையில் உறுதியாகப் பிடிக்கும். குளிர்ந்த நிலையில் பல வகைகள் சாலைப் பேடுகளை விடக் குறைவாகவே பிடிக்கும். கீச்சொலியும் தூளும் வேறு. அதனால் காலையில் வீட்டிலிருந்து பந்தயப் பேடுகளுடன் புறப்படுவோர் முதல் சிக்னலிலேயே இடருக்குள்ளாகலாம். தடத்திற்குச் சென்றபின் மாற்றிக்கொள்வதே நல்வழக்கம். புதிய பேடுகளைப் படிப்படியாகச் சூடேற்றி, வட்டின் மீது சீரான மென்படலம் படியச் செய்தல் வேண்டும். வட்டு வளைந்துவிட்டதாகக் கருதப்படும் அதிர்வுகளில் பல, உண்மையில் இப்படலம் திட்டுத்திட்டாகப் படிந்ததால் விளைபவை.

வட்டும் காலிப்பரும்

ஜாகுவார் சி-டைப் கார் 1953ஆம் ஆண்டின் லெ மான் 24 மணிநேரப் போட்டியில் டன்லப் வட்டு பிரேக்குகளுடன் வென்றது. அதன்பின் வட்டு பிரேக்குகள் பந்தயங்களில் பரவின. 1955இல் அதே போட்டிக்கு டிரம் பிரேக்குகளுடன் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர் காரின் பின்புறத்தில், காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் மடிப்பலகை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. டிரம்மின் சுமையைக் குறைக்க வேறு வழி தேடவேண்டியிருந்தது என்பதை இது காட்டுகிறது.

பெரிய வட்டு கூடுதல் வெப்பத்தைத் தாங்கும் என்பதே அதன் சிறப்பு. ஆனால் சக்கரத்தோடு சேர்ந்த எடையும் கூடும். துளையிட்ட வட்டுகள் பார்வைக்கு அழகானவை எனினும், கடும் வெப்பத்தில் துளைகளிலிருந்து விரிசல்கள் தோன்றக்கூடும். பந்தயத்திற்குக் கீறல் வரிகள் கொண்டவை விரும்பப்படுகின்றன. முன்புறக் காலிப்பரை மட்டும் பெரிதாக்கினால் முன்பின் தடுப்புச் சமநிலை மாறி, பின்சக்கரங்கள் தம் பங்கைச் செய்யாமல் போகலாம். பெடல் இறங்கும் தூரமும் கூடும். அவ்வாறு செய்த கார் முன்பைவிட நீண்ட தொலைவில் நிற்பதும் உண்டு. இக்காரணத்தால், முன்முகப்பிலிருந்து வட்டின் நடுப்பகுதிக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்களை முதலில் பொருத்துவது நலம். ஏறத்தாழ 1000 கிலோ எடையுள்ள முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற இலகுவான கார்களுக்கு நல்ல எண்ணெயும் பேடுமே பெரும்பாலும் போதுமானவை.

2001இல் வெளிவந்த போர்ஷே 911 ஜிடி2 காரில் இடம்பெற்ற கார்பன்-பீங்கான் வட்டுகள் எடை குறைந்தவை, தளர்ச்சியை நன்கு தாங்குபவை. மாற்றும் செலவு மிக அதிகம் என்பதால், அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு இரும்பு வட்டுகளுடன் தடத்தில் ஓட்டும் உரிமையாளர்களும் உளர்.

ஓட்டத்தின் முடிவில்

இறுதிச் சுற்றைப் பிரேக்கை இயன்றவரை தொடாமல் மெதுவாக ஓட்டி வட்டுகளை ஆறவிடவேண்டும். நிறுத்தியபின் கைப்பிரேக்கை இழுக்காமல், காரைக் கியரில் விட்டுச் சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைப்பர். சூடான பேடு ஒரே இடத்தில் அழுந்தியிருந்தால் அதன் தடம் வட்டில் பதிந்துவிடும்.