குளக்கரைக்கு வசம்பு

செய்யாறு பிறக்கும் ஜவ்வாது மலையில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரிலோ, ஜமுனாமரத்தூரிலோ, வீட்டுத் தோட்டத்தில் சிறு குளம் அமைத்து அதன் கரையோரத்தைப் பசுமையாக்க விரும்பும் நேயர்கள், சம்பங்கோரையின் சுபாவத்தை முதலில் அறிந்துகொள்வது அவசியம். சேற்றுக்கடியில் கிழங்கை ஓட்டிக்கொண்டே போய், சில பருவங்களுக்குள் ஆழமில்லாத குளம் முழுவதையும் ஆக்கிரமித்துவிடும் இத்தாவரம், ஒரே கதிரிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிய விதைகளைக் காற்றில் பறக்கவிடுவதால், மலையடிவாரத்து ஏரிகளையும் அது விட்டுவைப்பதில்லை. ஆகையால், துவாரமில்லாத அகன்ற தொட்டியில் நட்டு, அதன் விளிம்பு சேற்றுக்கு மேல் நிற்குமாறு அமிழ்த்தி, கதிர் முற்றுமுன் அறுத்துவிட வேண்டும். தார்ப்பாய் விரித்த குளமாயின், கூரிய கிழங்குமுனை அந்தப் பாயையே துளைத்துவிடக்கூடும். என் அபிப்பிராயத்தில் இதனினும் உத்தமமானது வசம்பு. நம் நாட்டு வசம்பு பெரும்பாலும் முளைக்கத்தக்க விதை தருவதில்லை. கிழங்கினாலேயே விருத்தியாவதால் கைக்கு அடங்கி நிற்கும். மொட்டுள்ள கிழங்குத் துண்டைக் கரையோரச் சேற்றில் படுக்கையாகப் பதித்து, மேலே இரண்டு மூன்று விரற்கடை ஜலம் நிற்கச் செய்தால் போதும். புதர் நெருங்கியதும் கிழங்கைப் பிரித்துப் பாதியை அயலாருக்குக் கொடுத்துவிடலாம்.