சாறக்கட்டு நிற்கவில்லையா? காரணம் வயதாக இல்லாமலும் இருக்கலாம்!

வெள்ளவத்தை அடுக்குமாடியில் படியிறங்கும்போது ஒரு தாத்தாவின் முழங்கால் திடீரென மடிகிறது. கொட்டாஞ்சேனையில் இன்னொருவருக்குச் சாறத்தை இறுக்கிச் செருக விரலில் பலமில்லை, போத்தல் மூடியும் திறபடவில்லை. "வயசு போகுதுதானே!" என்கிறது வீடு. ஆனால் பெரும்பாலும் ஐம்பதுக்கு மேல் தலைகாட்டி, தசையை மெல்ல மெல்லக் கரைக்கும் ஒரு வருத்தமே இருக்கிறது, தெரியுமா? பெயர்: இன்குளூஷன் பொடி மயோசைட்டிஸ்.

இது பிடிக்கும் இடங்களைப் பாருங்கள்! விரலை மடக்கும் முன்கைத் தசை, தொடையின் முன்பக்கத் தசை. இரண்டு கையும் ஒரே அளவில் பலம் இழப்பதில்லை. சிலருக்குச் சோறு தொண்டையில் இறங்கவே கஷ்டம்.

அல்சைமர் நோயாளரின் மூளையில் படிகிறதே அமிலாய்ட் புரதம், அதையே இந்தத் தசைகளுக்குள் 1990களின் தொடக்கத்தில் கண்டார்கள்! கூடவே, கிருமியைக் கொல்ல வேண்டிய நம்முடைய டி செல்களே தசை நாருக்குள் புகுந்து தாக்குகின்றன. எது முதலில், எது பின்னால்? ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மற்றத் தசையழற்சிகளை அடக்கும் ஸ்டீரொய்ட் இதில் எடுபடுவதில்லை. அதனால்தான் நோயைச் சரியாக இனங்காண்பது அவ்வளவு முக்கியம். வெளிநாட்டு ஆய்வுகளில் அதற்கே சராசரியாக 5 வருடம் போயிருக்கிறது! இரத்தத்தில் தசை நொதி சாதாரண அளவில் இருந்தாலும் இந்த நோய் இருக்கலாம். ஆகவே கிளினிக்கில் விழுந்த கதையோடு விரல் கதையையும் சொல்லுங்கள்.

இனி, இந்த நோயில் சோதிக்கப்பட்ட ஒரு மருந்தின் கதை. 1964இல் பசிபிக்கின் ஈஸ்டர் தீவுக்குப் போன கனடியக் குழு மண்ணை அள்ளி வந்தது. அந்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து ராபமைசினைப் பிரித்தெடுத்த குழுவின் தலைவர் யார் தெரியுமா? பிரிக்கப்படாத இந்தியாவின் பஞ்சாபில் பிறந்த சுரேன் சேகல்! 1980களில் அவர் வேலை செய்த மருந்துக் கம்பனி மொன்றியல் ஆய்வுகூடத்தை மூடியபோது, அவர் அந்த நுண்ணுயிரைக் கைவிடவில்லை. "சாப்பிடாதீர்கள்" என்று எழுதி வீட்டு ஃபிரிட்ஜில் உறையவைத்துக் காப்பாற்றினார். சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு 1999இல் அமெரிக்கா அனுமதித்த சிரோலிமஸ் இந்த ராபமைசின்தான்.

அதையே பாரிஸில் 44 இன்குளூஷன் பொடி மயோசைட்டிஸ் நோயாளரிடம் ஒரு வருடம் சோதித்தார்கள். 2021இல் முடிவு வெளியானது. முதன்மை இலக்கான தொடைப் பலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் 6 நிமிடத்தில் நடக்கும் தூரம், மருந்து எடுத்தவர்களில் குறைவாகவே சரிந்தது! அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மூன்றாம் கட்டப் பரிசோதனையைத் தொடங்கினார்கள்.

கித்தார் மேதை பீட்டர் ஃபிராம்ப்டனுக்கும் இதே நோய். 2019இல் அவரே உலகுக்கு அறிவித்தார். விரலே சொத்தான அந்த மனிதர் அதன் பிறகும் மேடையேறினார், கதிரையில் அமர்ந்தபடி வாசித்தார்!