காலில் தடவினால் காலுக்குப் போகுமா?

டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற நிறமற்ற திரவத்தைப் புறங்கையில் தடவினால், கொஞ்ச நேரத்தில் வாயில் பூண்டு ருசி தட்டும். கையை வாயருகே கொண்டுபோகவே வேண்டாம். தோலைத் தாண்டி ரத்தத்தில் கலந்த திரவத்தில் ஒரு பகுதி உடலுக்குள் டைமெத்தில் சல்ஃபைடாக மாறி, மூச்சுடன் வெளியேறுகிறது. அந்த வாயுவின் வேலைதான் பூண்டு ருசி.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஸ்டான்லி ஜேக்கப் 1960களில் இதை மருந்தாக ஆராய்ந்தார். சோதனை விலங்குகளின் கண் வில்லையில் மாற்றங்கள் தெரிந்ததால், மனிதர்களிடம் நடந்த சோதனைகள் 1965இல் நிறுத்தப்பட்டன. பின்னர் இதே பொருள், அடிபட்டு ஏற்படும் வீக்கத்துக்கு நாய்க்கும் குதிரைக்கும் தடவும் மருந்தாக அனுமதி பெற்றது.

எல்லா மருந்தும் இவ்வளவு சுலபமாக நுழைந்துவிடாது. தோலின் ஆக மேலே இருப்பது இறந்துபோன செல்களின் படலம். மனிதத் தோலில் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர்தான். கெரட்டின் நிறைந்த செல்கள் செங்கற்களாகவும், இடையிலுள்ள கொழுப்பு சாந்தாகவும் அமைந்த சுவர் அது. மருந்து பெரும்பாலும் சாந்தின் வழியே வளைந்து வளைந்துதான் இறங்க வேண்டும். தண்ணீரில் மட்டும் கரையும் பொருளைக் கொழுப்பு உள்ளே விடாது. கொழுப்பில் மட்டும் கரையும் பொருளோ அங்கேயே தங்கிவிடும். மூலக்கூறு எடை 500 டால்டனைத் தாண்டினால் நுழைவது கடினம் என்று ஒரு பொது விதியும் உண்டு. டைமெத்தில் சல்ஃபாக்சைடின் எடை வெறும் 78.

எந்த மருந்து எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க, ஆய்வகங்களில் ஃபிரான்ஸ் செல் என்ற கண்ணாடிக் கருவி இருக்கிறது. தாமஸ் ஃபிரான்ஸ் 1975இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த பெயர் இது. மேலே ஒரு சிறு கிண்ணம், கீழே ஒரு சிறு கிண்ணம், நடுவே இறுக்கிப் பிடித்த தோல் துண்டு. அறுவைச் சிகிச்சையில் நீக்கப்பட்ட மனிதத் தோலாக அது இருக்கலாம். பன்றியின் காதுத் தோலும் உண்டு. மேல் கிண்ணத்தில் மருந்தைப் பூசுகிறார்கள். கீழே உப்புக் கரைசலில் ஒரு குட்டிக் காந்தம் சுழன்று கலக்கிக்கொண்டே இருக்கும். கண்ணாடியின் வெளிச்சுற்றில் வெதுவெதுப்பான நீர் ஓடி, தோலின் மேற்பரப்பை 32 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கும். தோலுக்கு அடியில் ஒரு காற்றுக்குமிழி சிக்கினாலும் அளவு தப்பிவிடும். குறித்த நேரத்துக்கு ஒருமுறை பக்கக் குழாய் வழியாகச் சிறிது கரைசலை உறிஞ்சி, எடுத்த அளவுக்குப் புதுக் கரைசலை ஊற்றி, உறிஞ்சியதில் மருந்து எவ்வளவு என்று பார்க்கிறார்கள். கடைசியில் தோலைக் கழுவி, ஒட்டுநாடாவை அழுத்தி உரித்து, மேல் படலத்திலேயே தங்கிவிட்டது எவ்வளவு என்றும் கணக்கெடுப்பதுண்டு.

உடலிலிருந்து பிரித்தெடுத்த தோல் இதற்கு எப்படிப் பயன்படும் என்று கேட்கலாம். தடுப்பு வேலையைப் பெரிதும் செய்வதே இறந்த செல்களின் படலம்தானே! அது உடலில் இருந்தாலும் கண்ணாடியில் இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடந்துகொள்ளும். இந்த முறைக்கு ஓ.இ.சி.டி. அமைப்பு 2004இல் சர்வதேச வழிகாட்டுதலையும் வகுத்தது.

ஆனால் ஒருவர் தோலிலேயே இடத்துக்கு இடம் கணக்கு மாறும். ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரு ஆய்வாளர்கள் 1967இல் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற மருந்தைத் தடவிப் பார்த்தார்கள். முன்கையைவிட விரைப்பைத் தோலில் அது சுமார் 42 மடங்கு உள்ளே போனது. உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்குதான். நாயின் தோல் இன்னும் வேறு. மேல்தோல் மெல்லியது, அமிலத்தன்மை குறைவு, ஒரே துளையிலிருந்து பல முடிகள் கிளம்பும். மனிதத் தோலில் கண்ட எண்ணை அப்படியே நாய்க்குப் போட முடியாது.

ஃபிரான்ஸ் செல்லில் இல்லாத இரண்டு விஷயங்கள் உயிருள்ள நாயிடம் உண்டு: ரத்த ஓட்டமும் நாக்கும். இறங்கிய மருந்தைத் தோலடி ரத்தநாளங்கள் அள்ளி உடல் முழுக்கக் கொண்டுபோகின்றன. நாய்களுக்காக அமெரிக்காவில் 2012இல் அனுமதி பெற்ற ரெக்கூவைரா என்ற ஃபென்டனில் திரவம் இந்த ஓட்டத்தையே நம்பியது. காலில் எலும்பு அறுவைச் சிகிச்சை செய்தாலும் அதைப் பூசியது இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில்தான். ஒருமுறை பூசினால் வலி நிவாரணம் நான்கு நாட்கள்வரை நீடித்தது. அந்த இடம் நாயின் நாக்குக்கு எட்டாது என்பது இன்னொரு வசதி.

நொண்டும் நாயின் முழங்காலில் வீட்டிலிருக்கும் டைக்ளோஃபெனாக் வலி நிவாரண ஜெல்லைத் தேய்த்தால், நாக்குக்கு எட்டாத அந்த வசதி இல்லை. முடி ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு பகுதியை நாய் நக்கி விழுங்கும். மூட்டுக்குப் போகவேண்டியது வயிற்றுக்குப் போய், குடற்புண்ணிலும் சிறுநீரகப் பாதிப்பிலும் கொண்டுவிடலாம்.

நொண்டலுக்குக் காரணமும் பல: முழங்கால் தசைநார் அறுந்திருக்கலாம், முழங்கால் சில்லு விலகியிருக்கலாம், இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளர்ந்திருக்கலாம், மூட்டு தேய்ந்திருக்கலாம். கால்நடை மருத்துவர் காலை மடக்கி நீட்டிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்துத்தான் எது என்று சொல்ல முடியும். மூட்டுத் தேய்மானம் என்றால் கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் போன்றவற்றை நாயின் எடைக்குக் கணக்கிட்டு வாய்வழியே தருவார். கூடுதல் எடையைக் குறைக்கச் சொல்வார். வாய்வழி மருந்தில் எத்தனை மில்லிகிராம் உள்ளே போனது என்று தெரியும். தேய்த்த ஜெல்லில் தோல் எடுத்தது எவ்வளவு, நாக்கு எடுத்தது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.