'நேச்சுரல்' மேக்கப்னா கண்ணை மூடிட்டுப் பூசலாமா? கொடைக்கானல் பாதரசம் சொல்லும் கணக்கு

கொடைக்கானலுக்கு டூர் போயிட்டு இறங்குறவங்க பையில் வழக்கமா என்ன இருக்கும்? ஹோம்மேட் சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், மலைப்பூண்டு. இப்போ மலையில் மட்டும் இல்லை, எந்த ஊர்க் கடைக்குப் போனாலும், போனைத் திறந்தாலும், இன்னொரு பொருள் கண்ணில் படுகிறது. 'நேச்சுரல்', 'மினரல்', 'கெமிக்கல் இல்லாதது' என்று லேபிள் ஒட்டிய க்ரீம், பவுடர், லிப்ஸ்டிக்.

மண்ணில் இருந்து எடுத்தது, அதனால தோலுக்குக் கெடுதல் செய்யாது என்பதுதான் இந்த விற்பனைக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் உண்மை? மண்ணில் இருந்து வரும் ஒரு பொருள் என்ன செய்யும் என்று கொடைக்கானலுக்கு ரொம்ப நல்லாவே தெரியும். அந்தப் பொருள் பாதரசம்.

மினரல் மேக்கப்பில் அப்படி என்னதான் இருக்கு?

பெயர்தான் புதுசு. உள்ளே இருப்பதில் பாதி நமக்குப் பழக்கமானது. பவுடரிலும் ஐ ஷேடோவிலும் மினுமினுப்பு தருவது மைக்கா. நம்ம ஊரில் காக்காப்பொன் என்று சொல்வார்களே, மண்ணில் தகதகன்னு மின்னுமே, அதேதான். வழுவழுப்புக்குப் போடும் டால்க், மாக்கல்லின் நெருங்கிய சொந்தம். ஃபேஸ் பேக்கில் வரும் கயோலின் ஒரு வெள்ளைக் களிமண். சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறங்களைத் தருவது இரும்பு ஆக்சைடு. காவிக்கல்லுக்கு நிறம் கொடுப்பதும் இதே இரும்புதான்.

வெள்ளை நிறத்துக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. இதற்கான மூலப்பொருள்களில் ஒன்று இல்மனைட். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கும் தாது மணலில் அது இருக்கிறது.

அடுத்தது துத்தநாக ஆக்சைடு, அதாவது ஜிங்க் ஆக்சைடு. சன்ஸ்க்ரீனில் இருப்பது. கொடைக்கானல் போறவங்களுக்கு இது உண்மையிலேயே உதவும். குளிருது, அதனால வெயில் ஒண்ணும் செய்யாதுன்னு நினைக்கிறோம். ஆனா 1,000 மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதாக் கதிரின் அளவு ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரெண்டு நாள் சுற்றிவிட்டு வந்ததும் மூக்கும் கன்னமும் கறுத்துப் போவது இதனால்தான்.

இந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம், சுத்தமாகத் தயாரிக்கப்பட்டால், தோலின் மேல் பூச ஏற்றவை என்று கருதப்படுபவை. பவுடராக மூக்குக்குள் போகும்போதுதான் சிக்கல். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-ல் டால்க்கை, புற்றுநோய் உண்டாக்க அதிக வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் சேர்த்தது.

மண்ணில் இருந்து வந்தால் நல்லதுதானே?

'சுத்தமாகத் தயாரிக்கப்பட்டால்' என்று சொன்னோம் இல்லையா, விஷயமே அதில்தான் இருக்கிறது. இயற்கையில் எந்தக் கனிமமும் தனியாகக் கிடைப்பதில்லை. இரும்புத் தாதுவோடு காரீயமும் ஆர்சனிக்கும் ஒட்டிக்கொண்டு வரலாம். அதனால், கேட்டால் சிரிப்பு வரும், 'மினரல்' மேக்கப்பில் இருக்கும் இரும்பு ஆக்சைடு பெரும்பாலும் ஆலையில் செயற்கையாகத் தயாரிக்கப்படுகிறது. அமெரிக்காவில் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அழகுப் பொருளில் சேர்க்கும் இரும்பு ஆக்சைடு செயற்கையாகத் தயாரித்ததாக இருக்க வேண்டும். 'நேச்சுரல்' என்று எழுதிய டப்பாவுக்குள் இருக்கும் சிவப்பு, இயற்கையாக இல்லாததால்தான் பாதுகாப்பாக இருக்கிறது.

நம்ம சித்த மருத்துவத்துக்கு இது எப்பவோ தெரியும். பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் பழனி முருகன் சிலையை, ஒன்பது பாஷாணங்களைக் கட்டி போகர் செய்தார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. சித்த மருத்துவம் பாஷாணங்களை 64 ஆகப் பிரிக்கிறது. அதில் 32 'வைப்புப் பாஷாணம்', மனிதன் செய்வது. மீதி 32-க்குப் பெயர் 'பிறவிப் பாஷாணம்', அதாவது இயற்கையிலேயே விளைவது. இயற்கையாகப் பிறந்ததையும் நஞ்சு என்ற தலைப்பில்தான் வைத்தார்கள். இன்றைய லேபிள் எழுதுபவர்கள்தான் இதை மறந்துவிட்டார்கள்.

கொடைக்கானலில் நடந்தது என்ன?

வாஸ்லினுக்கும் முக க்ரீமுக்கும் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனமான செஸ்பரோ-பாண்ட்ஸ், நியூயார்க் மாநிலத்தில் இருந்த தன் தெர்மாமீட்டர் ஆலையை 1980-களில் கொடைக்கானலுக்கு மாற்றியது. பிறகு யூனிலீவர் அந்த நிறுவனத்தை வாங்க, ஆலை இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. இன்றைய பெயர் இந்துஸ்தான் யூனிலீவர். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அங்கே தயாரானது தெர்மாமீட்டர் மட்டும்தான். முகத்துக்குப் பூசும் எதையும் அங்கே செய்யவில்லை.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள பழைய இரும்புக் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன் கிடப்பது வெளியே வந்தது. ஊர் மக்கள், முன்னாள் தொழிலாளர்கள், பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சில், கிரீன்பீஸ் எல்லாரும் போராட்டத்தில் இறங்கினார்கள். அதே மாதம் ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. ஏழை நாட்டில் கொட்டிய கழிவைப் பணக்கார நாடு திரும்ப எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிற சங்கதி இல்லை.

ஆலை இருந்தது பாம்பார் சோலைக்கு மேலே உள்ள சரிவில். மழை பெய்தால் தண்ணீர் அந்தச் சோலைக்குள்தான் இறங்கும். கீழே, பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுவதும் பாம்பாற்றுத் தண்ணீர்தான்.

சிறுநீரகம், நரம்பு பாதிப்பு என்று தொழிலாளர்கள் பல வருஷம் புகார் சொன்னார்கள். ஆலை வேலையால் உடல்நலப் பாதிப்பு எதுவும் இல்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. 2015-ல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' ராப் பாட்டு உலகம் முழுக்கப் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் மற்றும் குடும்பங்களோடு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. தொகை எவ்வளவு என்று வெளியிடவில்லை.

அதற்கப்புறம் மண்ணைச் சுத்தம் செய்யும் சண்டை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை மிச்சம் இருக்கலாம் என்று இலக்கு வைத்தார்கள். சோலைக்காட்டுக்கு மேலே இருக்கும் நிலத்துக்கு இது போதவே போதாது என்று சூழல் ஆர்வலர்கள் வாதாடினார்கள். இந்த 20 என்ற எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தெர்மாமீட்டர் பாதரசத்துக்கும் முக க்ரீமுக்கும் என்ன சம்பந்தம்?

தோலுக்கு நிறம் தருவது மெலனின். பாதரச உப்புகள் அந்த மெலனின் உற்பத்தியைத் தடுத்துவிடும். அதனால்தான் சிவப்பழகு க்ரீம் என்ற பெயரில் விற்கும் சிலவற்றில் இதைக் கலக்கிறார்கள். விலை மலிவு, ரெண்டு மூணு வாரத்தில் முகம் வெளுக்கும், வாங்கியவர் அடுத்த டப்பாவுக்கும் வருவார். நிறுத்தினால் நிறம் திரும்பும், சிலருக்கு முன்பைவிடக் கறுப்பாக.

க்ரீமில் இருக்கும் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. உள்ளே இறங்கி ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் தங்கும். கொஞ்சம் ஆவியாகவும் கிளம்பும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அம்மா பூசிய க்ரீம் துண்டிலும் தலையணையிலும் ஒட்டி, பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைக்குப் போகும்.

கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் டாக்டர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒரு வகை சிறுநீரகக் கோளாறோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த 22 பேரில் 15 பேருக்கு இருந்தது 'நெல்-1' என்ற, அதிகம் பார்க்க முடியாத வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்கு உடம்பு தேறத் தொடங்கியது. கேரள மருந்து கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை நடத்தியது.

ஒரு சின்னக் கணக்கு

பாதரசத்தை அளக்கும் அளவு பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்தியாவின் அழகுசாதனப் பொருள் விதிகள் 2020-ன்படி, சாதாரண க்ரீமில் தவறுதலாகக் கலந்திருக்கக்கூடிய பாதரசம் 1 பிபிஎம்-மைத் தாண்டக் கூடாது. வேண்டுமென்றே சேர்க்கவே கூடாது. கண் மேக்கப்புக்கு மட்டும், கெடாமல் இருக்கச் சேர்ப்பது என்ற பெயரில் 70 பிபிஎம் வரை விலக்கு இருக்கிறது.

இப்போ அந்த 20-க்கு வருவோம். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் 20 பிபிஎம். கொடைக்கானலில் விஷம் கலந்த ஆலை மண்ணைச் சுத்தம் செய்ய வைத்த இலக்கு அது. பல நாடுகளில் பிடிபட்ட சட்டவிரோத க்ரீம்களில் இருந்ததோ ஆயிரக்கணக்கான பிபிஎம். 10,000 பிபிஎம் என்றே வைத்துக்கொள்வோம். 30 கிராம் டப்பா ஒன்றில் 300 மில்லிகிராம் பாதரசம். சுத்தம் செய்து முடித்தாச்சு என்று சொல்லப்படும் ஆலை மண்ணைவிட 500 மடங்கு. மண்ணுக்கும் க்ரீமுக்கும் அளவுகோல் வேறுவேறுதான், ஒப்பிட்டால் நிபுணர்கள் முகம் சுளிக்கலாம். ஆனா அந்த மண்ணை யாரும் ராத்திரி கன்னத்தில் தேய்த்துக்கொண்டு தூங்குவதில்லை.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்துக்குப் பெயர் மினமாட்டா ஒப்பந்தம். பாதரசக் கழிவு கலந்த கடல் மீனைச் சாப்பிட்டுப் பல ஆயிரம் பேர் பாதிக்கப்பட்ட ஜப்பானிய ஊரின் பெயர் அது. இந்தியா 2018-ல் இதை ஏற்றது. 2020-க்குள் 1 பிபிஎம்-முக்கு மேல் உள்ள அழகுப் பொருள்களை நிறுத்த வேண்டும் என்றது ஒப்பந்தம். அந்த எண்ணுக்குள் ஒளிந்துகொள்ள வழி இருந்ததால், 2023-ல் ஜெனீவாவில் கூடிய நாடுகள், பாதரசம் சேர்த்த எந்த அழகுப் பொருளும் 2025-க்குப் பிறகு கூடாது என்று திருத்தின. பாதரசத் தெர்மாமீட்டரும் இதே ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலில் இருக்கிறது.

லேபிளில் எதைப் பார்க்கணும்?

'நேச்சுரல்', 'ஹெர்பல்', 'மினரல்' என்று முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பதை விடுங்கள், அது விளம்பரம். டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் பாருங்கள். 'சிஐ' என்று தொடங்கி 77-ல் ஆரம்பிக்கும் ஐந்து இலக்க எண்கள் கனிம நிறமிகளைக் குறிப்பவை. 77891 டைட்டானியம் டை ஆக்சைடு, 77947 துத்தநாக ஆக்சைடு, 77019 மைக்கா, 77491, 77492, 77499 மூன்றும் இரும்பு ஆக்சைடுகள். இவை இருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

'மெர்குரி', 'மெர்குரிக்', 'மெர்குரஸ்', 'மெர்குரியோ', 'கலோமெல்' என்று எது இருந்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கலோமெல் என்பது நம்ம ரசகற்பூரம்.

கலப்படம் செய்கிறவன் பட்டியலில் எழுதுவானா என்று கேட்கலாம். எழுத மாட்டான்தான். ஆனா சில டப்பாக்களில் ஒரு எச்சரிக்கை இருக்கும், 'தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று. முக க்ரீமுக்கும் நகைக்கும் என்ன பகை? பாதரசம் தங்கத்தோடும் வெள்ளியோடும் சேர்ந்துவிடும், நகை வெளுத்துப்போகும். அந்த ஒரு வரியே காட்டிக்கொடுத்துவிடும். தயாரிப்பாளர் முகவரி, தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், வெளிநாட்டுப் பொருளானால் இறக்குமதிப் பதிவு எண், இதில் எது இல்லை என்றாலும் வாங்காதீர்கள். பியூட்டி பார்லரில் பேரே இல்லாத டப்பாவில் எடுத்துத் தரும் 'ஸ்பெஷல் க்ரீம்' இதில் முதல் இடம்.

கண்மை, குங்குமத்துக்கும் இதே கண்டிப்பு தேவை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்யும் குங்குமம் வேறு. பளிச்சென்ற சிவப்புக்காகக் காரீயச் செந்தூரமோ, பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கமோ கலந்தது வேறு. கண்ணில் பார்த்துப் பிரிக்க முடியாது.

ஏற்கெனவே பூசிட்டு இருந்தா என்ன செய்யணும்?

சந்தேகம் வந்த உடனே நிறுத்துங்கள். சிறுநீர் நுரைத்துப் போனாலோ, காலும் முகமும் வீங்கினாலோ, கை நடுங்கினாலோ டாக்டரிடம் போங்கள். போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போவது ரொம்ப முக்கியம். ரத்தம், சிறுநீரில் பாதரசம் பார்க்கச் சோதனை இருக்கிறது, ஆனா க்ரீம் பூசியதைச் சொல்லாவிட்டால் எழுதித்தர யாருக்கும் தோன்றாது.

டப்பாவைக் குப்பையில் வீசவோ, வாஷ்பேசினில் கழுவி ஊற்றவோ வேண்டாம். இறுக மூடி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி வையுங்கள். அழகுப் பொருள்களும் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம் 1940-ன் கீழ்தான் வருகின்றன என்பதால், புகார் கொடுக்க வேண்டிய இடம் மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறை. அவர்கள் சோதனைக்கு அனுப்ப முடியும். பில் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள், எந்தக் கடை என்று தேட வேண்டியிருக்காது.