100 கிலோ மீட்டர் ஓட்டத்தில் எமனாக வந்த குளிர்! 21 பேர் பலி; 6 பேரை ஆடு மேய்ப்பவர் காப்பாற்றினார்

சீனாவில் 2021-ம் ஆண்டு மலைப்பாதையில் நடந்த 100 கிலோ மீட்டர் ஓட்டப் பந்தயத்தில் 21 பேர் குளிரில் விறைத்து பரிதாபமாக செத்தார்கள்.

அவர்களில் நாட்டிலேயே பெயர் பெற்ற ஓட்டக்காரர்களும் உண்டு. காலில் பலம் இருந்தது. நெஞ்சில் மூச்சு இருந்தது. பலரிடம் இல்லாமல் போனது ஒரு ஜெர்கின்தான்.

இப்போது ஊருக்கு ஊர் மாரத்தான் நடக்கிறது. ஆபீஸ் குமாஸ்தாவும் ஓடுகிறார், கடைக்காரரும் ஓடுகிறார். 42 கிலோ மீட்டரை முடித்தவர்களுக்கு அடுத்த ஆசை "அல்ட்ரா" ஓட்டம். அதுவும் குளிர் மலையில் ஓடிப் பார்க்க வேண்டும் என்று சிலர் மூட்டை கட்டுகிறார்கள். கிளம்புவதற்கு முன்னால் அவர்கள் ஒரு தடவை படிக்க வேண்டிய சம்பவம் இது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

அல்ட்ரா என்றால் என்ன?

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோ மீட்டர். அதற்கு மேல் எவ்வளவு தூரம் ஓடினாலும் அது அல்ட்ரா மாரத்தான். 50 கிலோ மீட்டர் உண்டு. 100 உண்டு. 160-க்கு மேலும் உண்டு.

தார் ரோட்டில் ஓடினால் மயங்கி விழுந்தவரை தூக்க ஆம்புலன்ஸ் வரும். மலைப்பாதை ஓட்டம் அப்படி அல்ல. ஆடு போகும் பாதையில் ஓட வேண்டும். கல்லும் மண்ணும் சரிவும்தான். பல இடங்களில் மோட்டார் சைக்கிள்கூட ஏறாது.

விழுந்தால் ஆள் வந்துதான் தூக்க வேண்டும். ஆள் வர பல மணி நேரம் ஆகும்.

172 பேர் கிளம்பினார்கள்

சீனாவின் வடமேற்கில் கான்சு மாகாணம் இருக்கிறது. அங்கே பாய்யின் நகரத்தின் எல்லைக்குள், ஜிங்தாய் என்ற வட்டாரத்தில், மஞ்சள் ஆற்றங்கரையில் "கல் காடு" என்று ஒரு சுற்றுலா இடம். பாறைகள் மரம் மரமாக நிற்பதால் அந்தப் பெயர்.

2021-ம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி, சனிக்கிழமை. காலை 9 மணிக்கு 100 கிலோ மீட்டர் பந்தயம் தொடங்கியது. 172 பேர் ஓடினார்கள். 20 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது கெடு. முடித்தவர்களுக்கு ஆளுக்கு 1,600 யுவான் பரிசு என்றும் அறிவித்திருந்தார்கள்.

அட, மே மாதம்தானே என்று பல பேர் அரை டிராயரும் மெல்லிய பனியனுமாக நின்றார்கள். முந்தின வருஷங்களில் அந்த இடத்தில் வெயில்தான் கொளுத்தியது. அதனால் எல்லோருக்கும் வெயிலைப் பற்றித்தான் கவலை.

பலத்த காற்று வீசும் என்று முந்தின நாள் இரவே வானிலை இலாகா எச்சரித்திருந்தது. பந்தயம் நிற்கவில்லை. தள்ளிப்போடவும் இல்லை.

62-வது கிலோ மீட்டரில் ஜெர்கின்

இங்கேதான் விதி விளையாடியது.

ஓடுகிறவர்கள் கட்டாயம் எடுத்துப் போக வேண்டிய சாமான்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் காற்றும் மழையும் புகாத ஜெர்கின் இல்லை. "எடுத்துக்கொண்டால் நல்லது" என்ற இன்னொரு பட்டியலில்தான் இருந்தது.

மாற்று உடுப்பை ஒரு பையில் போட்டுக் கொடுத்தால், 62-வது கிலோ மீட்டரில் இருக்கும் சாவடிக்கு வண்டியில் கொண்டுபோய் வைப்பார்கள். இருட்டும் நேரத்துக்குத்தானே குளிரும், அப்போது எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்று பல பேர் ஜெர்கினை அந்தப் பையில் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

பாரம் குறைந்தது. ஆனால் குளிர் 62-வது கிலோ மீட்டர் வரை காத்திருக்கவில்லை.

ஆலங்கட்டி மழை

2-வது சாவடி தாண்டியதும் செங்குத்தான ஏற்றம். 3-வது சாவடி வரை 8 கிலோ மீட்டர் தூரம். அதற்குள் சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். உச்சி 2,000 மீட்டருக்கும் மேல்.

அந்த 3-வது சாவடிக்கு வண்டி போகாது. அதனால் அங்கே சாப்பாடும் இல்லை, வெந்நீரும் இல்லை. "என்னால் முடியலை, விலகிக்கிறேன்" என்று சொன்னாலும் இறக்கிவிட வழி இல்லை. நடந்துதான் அடுத்த சாவடிக்குப் போக வேண்டும்.

மத்தியானம், முன்னணி ஆட்கள் அந்த ஏற்றத்தில் இருக்கும்போது வானம் மாறியது. ஆலங்கட்டி மழை கொட்டியது. பிறகு ஊசி மாதிரி குத்தும் மழை. அதோடு ஆளைத் தள்ளும் காற்று.

ஒதுங்க மரம் கிடையாது. மொட்டை மலை.

சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஜிகினாத்தாள் மாதிரி ஒரு மெல்லிய போர்வை எல்லோரிடமும் இருந்தது. ஆபத்துக்கு சுற்றிக்கொள்ள வேண்டியது. காற்று அதைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது.

முன்னே ஓடியவர்கள்தான் அதிக உயரத்தில் இருந்தார்கள். முதல் 6 இடங்களில் ஓடிக்கொண்டிருந்தவர்களில் உயிரோடு திரும்பியவர் ஒரே ஒருவர்தான்!

பலியானவர்களில் லியாங் ஜிங் என்பவருக்கு வயது 31. சீனாவின் அல்ட்ரா ஓட்டத்தில் முதல் வரிசைக்காரர். பல 100 கிலோ மீட்டர் பந்தயங்களில் ஜெயித்தவர். இன்னொருவர் ஹுவாங் குவான்ஜுன். காது கேளாதவர். 2019-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகளுக்கான தேசிய விளையாட்டில் மாரத்தான் ஜெயித்தவர்.

குகையில் தீ

அன்று காலை அதே மலையில் ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஜூ கெமிங். வயது 49.

மழையும் குளிரும் வந்ததும் அவர் வீரம் காட்டவில்லை. ஒரு குகைக்குள் ஒதுங்கிவிட்டார். இந்த மாதிரி நாளுக்கு என்று அந்தக் குகையில் துணிமணியும் தின்பதற்கும் ஏதோ கொஞ்சம் முன்பே வைத்திருந்தார்.

வெளியே பார்த்தபோது ஓட்டக்காரர் ஒருவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். கால் தசை பிடித்துக்கொண்டதால் நகர முடியவில்லை. ஜூ அவரை உள்ளே கூட்டி வந்து, கை காலை தேய்த்துவிட்டு, தீ மூட்டினார். பிறகு மேலும் சிலர் வந்து சேர்ந்தார்கள். நினைவு தப்பிக் கிடந்த ஒருவரையும் தூக்கி வந்து போர்வையால் சுற்றினார். முதல் 6 பேரில் பிழைத்த அந்த ஒருவர் இவர்தான்.

ஆண்கள் 3 பேர், பெண்கள் 3 பேர். ஆக 6 உயிர்.

சீனா முழுவதும் அவரைப் புகழ்ந்தது. அவரோ, பக்கத்தில் கிடந்த 2 பேரை காப்பாற்ற முடியாமல் போய்விட்டதே என்றுதான் வருத்தப்பட்டார்.

இன்னும் சிலர் ஏற்றத்தைப் பார்த்து, காற்றைப் பார்த்து, "போதும்" என்று பாதியில் திரும்பினார்கள். வழியில் ஒரு மரக் குடிசையில் ஒதுங்கினார்கள். அவர்களும் பிழைத்தார்கள்.

விடிய விடிய தேடினார்கள்

1,200-க்கும் மேற்பட்டவர்கள் இரவு முழுவதும் மலையில் தேடினார்கள். உடம்பின் சூட்டைக் கண்டுபிடிக்கும் காமிராவுடன் ஆளில்லா விமானமும் பறந்தது. மறுநாள் காலையில்தான் கணக்கு முடிந்தது. 151 பேர் பிழைத்தார்கள். 21 பேர் பிணமானார்கள்.

ஜூன் மாதம் மாகாண அரசின் விசாரணை அறிக்கை வந்தது. பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்டதாக 27 அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுத்தார்கள். பந்தயம் நடத்திய கம்பெனியின் பொறுப்பாளர்கள் கைதானார்கள். இந்த மாதிரி ஆபத்தான பந்தயங்களை சீன அரசு நாடு முழுவதும் நிறுத்தி வைத்தது.

குளிர் எப்படி கொல்கிறது?

"ஓடுகிறவனுக்கு வேர்க்கத்தானே செய்யும், குளிர் என்ன செய்யும்?" என்று கேட்கலாம்.

ஓடும்போது உடம்பு அடுப்பு மாதிரி எரிகிறது. உண்மைதான். ஆனால் களைத்து நடை தளர்ந்தால் அடுப்பு அணையத் தொடங்கும். வேர்வையிலும் மழையிலும் நனைந்த துணி சூட்டை உறிஞ்சும். காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். ஓட்டக்காரர்கள் ஒல்லி. உடம்பில் கொழுப்பும் இல்லை.

உடம்பின் சூடு 37 டிகிரி இருக்க வேண்டும். 35-க்கு கீழே போனால் ஆபத்து. முதலில் நடுக்கம். அப்புறம் விரல் மரத்துப்போகும். பைக்குள் ஜெர்கின் இருந்தாலும் ஜிப்பைத் திறக்க முடியாது. பேச்சு குளறும். புத்தி மங்கும்.

நடுக்கம் நின்றுவிட்டால் "சரியாப் போச்சு" என்று நினைக்கக்கூடாது. நடுங்கக்கூட உடம்பில் தெம்பு இல்லை என்று அர்த்தம். அந்த நிலையில் "சூடாக இருக்கிறது" என்று சொல்லி சட்டையை கழற்றிப்போடுகிறவர்களும் உண்டு.

அங்கே எப்படி?

ஐரோப்பாவில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி ஒரு பந்தயம் 2003-ம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. தூரம் சுமார் 170 கிலோ மீட்டர். ஆகஸ்டு மாதக் கோடையில்தான் நடக்கிறது. ஆனாலும் தொப்பி வைத்த மழை ஜெர்கின், முழுக்கால் உடுப்பு, கையுறை, 2 டார்ச் லைட், விசில், போர்வை எல்லாம் கட்டாயம். வழியில் மறித்து பையை சோதனை போடுவார்கள். ஜெர்கின் இல்லை என்றால் ஆள் பந்தயத்தில் இல்லை.

2010-ம் ஆண்டு மழை கொட்டியபோது, பந்தயம் தொடங்கி சில மணி நேரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். பல நாடுகளிலிருந்து பணம் செலவழித்து வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் உயிரோடு இருந்து முணுமுணுத்தார்கள்.

முதல் தடவை ஓடுகிறவர் கவனிக்க!

எடுத்த எடுப்பில் 100 கிலோ மீட்டர் வேண்டாம். 50-ல் தொடங்கலாம். பல மாதப் பயிற்சி வேண்டும். அதில் பாதியாவது மேடு பள்ளத்தில் இருக்க வேண்டும். புது ஷூவை பந்தயத்தன்று போடக்கூடாது.

பருத்தி பனியன் ஆகாது. நனைந்தால் காயாது. உடம்பை ஒட்டி சீக்கிரம் காயும் துணி, அதன் மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே ஜெர்கின். ஜெர்கின் முதுகுப்பையிலேயே இருக்க வேண்டும். நனைவதற்கு முன்னால் போட வேண்டும்.

குளிரில் தாகம் தெரியாது, பசியும் சரியாகத் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்து தின்ன வேண்டும், குடிக்க வேண்டும். செல்போன் பேட்டரியும் குளிரில் சீக்கிரம் செத்துப்போகும். உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் பந்தயக்காரர்களிடம் 3 கேள்வி கேளுங்கள். எந்தச் சாவடியில் வெந்நீர் கிடைக்கும்? எங்கே விலகினால் வண்டி வரும்? வானம் மோசமானால் யார் நிறுத்துவார்? பதில் சரியாக வராவிட்டால் பணத்தை பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

நல்ல ஜெர்கின் ஒன்றின் எடை கால் கிலோ இருக்கும். கிளம்பும்போது பையைத் தூக்கிப் பாருங்கள். இலேசாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். எதை விட்டுவிட்டோம் என்று தேடுங்கள்.